சம்பளம் ஏறினால் விலை ஏறுமா?

சுங்காயில் நடக்கும் நம்முடைய ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு தம்பி கேட்ட கேள்விதான் இந்தப் பாடத்துக்குக் காரணம். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு ஒரு பேரங்காடியில் சாமான் அடுக்கும் வேலை பார்ப்பவர் அவர்.

"அண்ணே, குறைந்தபட்ச சம்பளத்த 1,700 வெள்ளி ஆக்குனாங்க இல்ல? எங்க மேனேஜர் அன்னைக்கே சொல்லிட்டாரு. ரொம்ப சந்தோஷப்படாதீங்க, இனிமே சாமான் விலையும் ஏறும், கூட்டிக் கழிச்சுப் பார்த்தா உங்க கையில ஒன்னும் மிஞ்சாதுன்னு. அப்புறம் எதுக்குண்ணே சம்பளத்த ஏத்தணும்?"

வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். உண்மையைச் சொல்லப் போனால், எனக்கும் அந்த நிமிடத்தில் சட்டென்று பதில் வரவில்லை. டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் எல்லாரும் சொல்கிற பேச்சுதான் இது. ஆனால் நம் பிள்ளைகள் இதை நம்பிவிட்டால் என்ன ஆகும்? "கேட்டு என்ன பயன்" என்று வாயை மூடிக்கொண்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார்கள். தோட்டத்தில் நம் தாத்தா பாட்டி அப்படித்தான் இருந்தார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் தவறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சொற்களைச் சரி செய்துகொள்வோம். செய்தியில் "பணவீக்கம் 2 விழுக்காடு" என்கிறார்கள். வீட்டில் அம்மா "எல்லாம் தீ விலை" என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பணவீக்கம் என்பது விலை ஏறுகிற வேகம். மோட்டார் ஓட்டுகிற தம்பிகளுக்கு இது சுலபமாகப் புரியும். மீட்டரில் வேகம் 90இலிருந்து 40க்கு இறங்கினாலும் வண்டி முன்னால்தான் போகிறது, பின்னால் வரவில்லை. அதேபோல 2022இல் நம் நாட்டுப் பணவீக்கம் 3.3 விழுக்காடு, 2024இல் 1.8 விழுக்காடு. வேகம்தான் குறைந்தது. 2022இல் ஏறிய விலை இறங்கி வரவில்லை, அதன்மேல் இன்னும் கொஞ்சம் ஏறியது.

இன்னொன்றும் உண்டு. அந்த 2, 3 விழுக்காடு என்பது நாடு முழுக்க உள்ள குடும்பங்களின் செலவுக்கூடையை வைத்துப் போடுகிற சராசரி. அந்தக் கூடையில் உணவுக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு இடம். மாதம் 10,000 வெள்ளி சம்பாதிக்கிற வீட்டில் சாப்பாட்டுச் செலவு அதைவிடக் குறைந்த பங்காகத்தான் இருக்கும். 1,700 வெள்ளி வீட்டிலோ பாதி சம்பளம் வயிற்றுக்கே போய்விடும். 2022இல் மொத்தப் பணவீக்கம் 3.3 என்றால் உணவின் பணவீக்கம் மட்டும் 5.8 விழுக்காடு. ஆக, ஒரே நாட்டில் ஏழைக்கு ஒரு பணவீக்கம், வசதி உள்ளவருக்கு ஒரு பணவீக்கம். அம்மாவின் கணக்கு அம்மாவுக்குச் சரிதான்.

மூன்றாவது சொல், உண்மைச் சம்பளம். சம்பளச் சீட்டில் எழுதியிருப்பது வெறும் எண். அந்த எண்ணுக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை கோழி, எத்தனை லிட்டர் பெட்ரோல் வரும் என்பதுதான் உண்மைச் சம்பளம். தம்பியின் மேனேஜர் சொன்னதைப் பொருளாதாரப் பாஷையில் சொன்னால், "எண் ஏறும், உண்மைச் சம்பளம் ஏறாது." சரி, நம் நாட்டில் நடந்ததை வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

1974க்குப் போவோம். உங்கள் தாத்தா, பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள், அந்த ஆண்டின் அரிசி விலையை மறந்திருக்க மாட்டார்கள். 1973 அக்டோபரில் மத்தியக் கிழக்கில் போர் மூண்டது. எண்ணெய் விற்கும் நாடுகள் விலையைச் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய நான்கு மடங்காக்கின. எண்ணெய் ஏறினால் கப்பல் கூலி ஏறும், உரம் ஏறும், லோரி வாடகை ஏறும். மலேசியாவில் 1974இல் பணவீக்கம் 17.3 விழுக்காட்டைத் தொட்டது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு இதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு எண்ணைப் பார்த்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே 1974இல் நாட்டின் பொருளாதார வளர்ச்சி 8 விழுக்காட்டுக்கு மேல். தாளில் பார்த்தால் அமோகமான ஆண்டு. ஆனால் எண்ணெய் விலையால் உலக நாடுகளில் வாகன உற்பத்தி படுத்துவிட, டயருக்குப் போகும் ரப்பரின் விலை சரிந்தது. பால்மரத்தை நம்பியிருந்தவனுக்கு இரண்டு பக்கமும் அடி. விற்கிற பொருள் இறங்குகிறது, வாங்குகிற அரிசி ஏறுகிறது. அந்த ஆண்டு நவம்பரில் கெடா மாநிலம் பாலிங்கில் ஆயிரக்கணக்கான சிறுதோட்டக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களுக்கு ஆதரவாகக் கோலாலம்பூரில் ஊர்வலம் போன மாணவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். பாலிங்கில் இறங்கியவர்கள் பெரும்பாலும் மலாய்க்காரச் சிறுதோட்டக்காரர்கள். நம் லயத்து வீடுகளிலும் அதே கஷ்டம்தான். தோட்டத் தொழிலாளியின் கூலியே ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. சந்தையில் விலை விழுந்தால் கூலியும் விழும். மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது, பேர் விழாது, அன்றைக்குக் காசு கிடையாது. மாதச் சம்பளம் கொடு என்று தோட்டத் தொழிலாளர் சங்கம் பல பத்தாண்டுகள் கேட்டது இதனால்தான். நம் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. கேட்டார்கள், கிடைக்கத்தான் காலம் ஆனது.

1974இல் விலையை ஏற்றியது எது? சம்பளமா? நம் ஆட்களின் சம்பளம் இறங்கிக்கொண்டு இருக்கும்போதே 17 விழுக்காடு ஏறியது. இதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 1985. இது ஈப்போக் கதை. அக்டோபர் 24ஆம் தேதி லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நிறுத்தப்பட்டது. ஈய விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த அனைத்துலக மன்றத்திடம் காசு தீர்ந்துபோனதுதான் காரணம். விலை சடசடவெனச் சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஈப்போவைச் சுற்றிய சிறு பட்டணங்களில் கடைகள் வெறிச்சோடின, இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பஸ் ஏறினார்கள். அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ 1 விழுக்காடு சுருங்கியது. பணவீக்கம் எவ்வளவு தெரியுமா? 1 விழுக்காடுகூட இல்லை. விலை ஏறவே இல்லை. வாங்கத்தான் கையில் காசு இல்லை. "விலைவாசி கட்டுக்குள் இருக்கிறது" என்று மட்டும் யாராவது பெருமையாகச் சொன்னால், வேலை எப்படி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

1974இல் வளர்ச்சி இருந்தது, விலையும் ஏறியது. 1985இல் விலை ஏறவில்லை, வேலை போயிற்று. இந்த இரண்டு பள்ளத்திலும் விழாமல் வண்டியை ஓட்டுவதற்குத்தான் அரசாங்கத்தின் கையில் சில பிடிகள் இருக்கின்றன. வட்டி, வரி, உதவித்தொகை, கட்டுப்பாட்டு விலை, சம்பளச் சட்டம் இவைதாம் முக்கியமானவை. ஒவ்வொன்றும் நம் வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

வட்டியைத் தீர்மானிப்பது பேங்க் நெகாரா. கோவிட் காலத்தில், 2020 ஜூலையில், அதன் அடிப்படை வட்டி 1.75 விழுக்காட்டுக்கு இறக்கப்பட்டது. மக்கள் கடன் வாங்கட்டும், செலவு செய்யட்டும், வேலை பிழைக்கட்டும் என்பது எண்ணம். 2022 மே மாதத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 2023 மே மாதத்தில் 3 விழுக்காட்டுக்குக் கொண்டு வந்தார்கள். 2025 ஜூலையில் 2.75க்கு இறக்கினார்கள். இது யாரைத் தொடும்? தாமானில் வீடு வாங்கியவரைத் தொடும். 200,000 வெள்ளி வீட்டுக் கடன், 30 ஆண்டு, வட்டி 3.25இல் இருந்து 4.5 ஆனால் மாதத் தவணை ஏறத்தாழ 140 வெள்ளி கூடும். ஆனால் மோட்டாரோ காடியோ தவணைக்கு எடுத்தவருக்குப் பெரும்பாலும் வட்டி கையெழுத்துப் போட்ட நாளோடு நிலைத்துவிடுகிறது. "வட்டி ஏறிடுச்சாம், மோட்டார் காசு கூடுமா?" என்று பயந்த தம்பிகள் இருந்தார்கள். கூடாது.

வட்டியை ஏற்றினால் செலவு குறையும், செலவு குறைந்தால் விலை அடங்கும். பாடப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 2022இல் விலை ஏறியது நாம் அதிகமாகச் செலவு செய்ததால் மட்டுமா? பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது படை எடுத்தது. சோளம், கோதுமை, சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்து உலகத்துக்குப் போகிறவை. நம் நாட்டுக் கோழி இறக்குமதி ஆகும் சோளத்தையும் சோயாவையும் தின்று வளர்கிறது. தீவனம் ஏறியது, கோழி ஏறியது. அரசாங்கம் கோழிக்கு கிலோ 8.90 வெள்ளி என்று உச்ச விலை வைத்தது, வளர்ப்பவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தது. ஜூன் 1ஆம் தேதி கோழி ஏற்றுமதிக்கே தடை போட்டது. ஜூலையில் உச்ச விலையை 9.40 ஆக்கியது. வட்டியை எவ்வளவு ஏற்றினாலும் உக்ரேனில் சோளம் முளைக்காது. நோய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மருந்து போட வேண்டும்.

இந்த இடத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு கூத்தைச் சொல்லாமல் போக முடியாது. அதே 2022 மார்ச்சில் செம்பனை எண்ணெய் விலை டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டியது. வரலாறு காணாத விலை. சுங்காயில் இருந்து எந்தப் பக்கம் போனாலும் செம்பனைக் காடுதான். குலை அறுக்கிறவரும் நம்மைச் சுற்றித்தான் இருக்கிறார். ஆனால் அவர் வீட்டு அடுப்பில் ஊற்றுகிற எண்ணெய்க்கும் உலக விலைதான். உதவித்தொகை கொடுத்த 1 கிலோ பாக்கெட் எண்ணெய் 2.50 வெள்ளியில் நின்றது. போத்தல் எண்ணெய்க்கான உதவித்தொகை ஜூலை 1ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. பாக்கெட் எண்ணெயைத் தேடிக் கடை கடையாக அலைந்த அம்மாக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் செம்பனை விலை 4,000க்குக் கீழேயும் போய் வந்தது. இதெல்லாம் ஓர் ஆண்டுக்குள். பழைய காலம்போல் கூலி முழுக்கச் சந்தை விலையோடு கட்டப்பட்டிருந்தால் தொழிலாளியின் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உதவித்தொகையை எடுத்தால் கட்டாயம் எல்லா விலையும் ஏறிவிடுமா? அதுவும் எடுக்கிற முறையைப் பொறுத்தது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை ஒரே இரவில் 2.15இல் இருந்து 3.35 வெள்ளி ஆனது. 50 விழுக்காட்டுக்கும் மேல் ஏற்றம். "இனி காய்கறியே வாங்க முடியாது" என்றார்கள். ஆனால் சரக்கு லோரிகளுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் சலுகை விலையை விட்டுவைத்தார்கள். அந்த ஆண்டுப் பணவீக்கம் 1.8 விழுக்காட்டோடு நின்றது. சொந்தமாக டீசல் வண்டி வைத்திருந்தவர்களுக்குச் சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் பயந்த அளவுக்குச் சந்தை கெடவில்லை.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம்.

தேசிய சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் 2011இல் நிறைவேறியது. 2013 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் குறைந்தபட்ச சம்பளம் 900 வெள்ளி. 2016 ஜூலையில் 1,000. 2019 ஜனவரியில் 1,100. 2020 பிப்ரவரியில் 1,200. ஆனால் இந்த 1,200 எல்லாருக்கும் இல்லை. மாநகர் மன்றம், நகராண்மைக் கழகம் உள்ள இடங்களுக்கு மட்டும். மற்ற இடங்களுக்குப் பழைய 1,100. ஈப்போ மாநகர் மன்றத்தின் கீழ் வருகிறது. நம் சுங்காய் மாவட்ட மன்றத்தின் கீழ் வருகிறது. அதனால் ஈப்போவில் ஒரு கடையில் சாமான் அடுக்கியவருக்குச் சட்டப்படி 1,200, அதே வேலையைச் சுங்காயில் செய்தவருக்கு 1,100. சீனி இங்கேயும் அதே கட்டுப்பாட்டு விலை, பெட்ரோல் அதே விலை. ஈப்போவில் வீட்டு வாடகை கூட என்பார்கள், அது உண்மைதான். ஆனால் இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் போய்வர எவ்வளவு ஆகிறது என்று அந்தக் கணக்கில் யாரும் போடவில்லை. 2022 மே 1 முதல் 1,500 ஆனபோதுதான், ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் இந்த ஊர்ப் பேதம் ஒழிந்தது. 2025 பிப்ரவரி 1 முதல் 1,700. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கு ஆகஸ்டு 1 வரை தவணை கொடுத்தார்கள். பேர் கணக்கிலும் எடை கணக்கிலும் வேலை செய்கிறவருக்கும் மாதக் கடைசியில் இந்த எண்ணுக்குக் குறையக் கூடாது என்று ஆணை சொல்கிறது. தோட்டத்துக்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சரி, மேனேஜர் சொன்னதுபோல் விலை இதைத் தின்றுவிட்டதா? 2013இல் இருந்து 2024 வரை ஒவ்வோர் ஆண்டின் பணவீக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் ஏறத்தாழ 24 விழுக்காடு வருகிறது. அதாவது 2013இல் 900 வெள்ளிக்கு வாங்கியதை வாங்க இப்போது 1,100க்குச் சற்று மேல் வேண்டும். சட்டச் சம்பளமோ 1,700. உணவு விலை இன்னும் வேகமாக ஏறியது என்பதைச் சேர்த்துக்கொண்டாலும், மிச்சம் இருக்கிறது. சம்பளம் விலையை முந்தித்தான் போயிருக்கிறது.

சந்தேகம் உள்ளவர்களுக்காக இன்னொரு கணக்கு. ஒரு சாப்பாட்டுக் கடையை வைத்துக்கொள்வோம். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு 200 வெள்ளி கூடினால் மாதம் 1,200. சேமநிதிக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு சேர்த்தால் 1,356 வெள்ளி. கடையில் நாளைக்கு 300 தட்டு சாப்பாடு போகிறது, மாதம் 26 நாள், ஆக 7,800 தட்டு. பங்கு போட்டால் தட்டுக்கு 17 காசு சொச்சம். கடைக்காரர் சாப்பாட்டு விலையை 1 வெள்ளி ஏற்றிவிட்டு "சம்பளம் ஏறிடுச்சு" என்று சொன்னால், 17 காசுக்குத்தான் அந்தக் காரணம் பொருந்தும். மிச்சம் 83 காசுக்கு அவர் வேறு காரணம் சொல்ல வேண்டும். அரிசி ஏறியிருக்கலாம், கடை வாடகை ஏறியிருக்கலாம், லாபமும் ஏறியிருக்கலாம். எல்லாம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் பழியை மட்டும் தட்டு கழுவுகிறவர்மேல் போடக் கூடாது.

மறுபக்கத்தையும் பேச வேண்டும், இல்லாவிட்டால் இது பாடம் ஆகாது, மேடைப் பேச்சு ஆகிவிடும். நாளைக்கு 60 தட்டு மட்டும் போகிற சின்னக் கடையில் இரண்டு ஆள் இருந்தால், தட்டுக்கு வரும் பங்கு 29 காசு. அந்த முதலாளி திணறுவார். அவரும் பெரும்பாலும் நம் ஆள்தான், கணவன் மனைவி சேர்ந்து காலை நாலு மணிக்கு அடுப்பு பற்ற வைக்கிறவர்கள். சில இடங்களில் சம்பளம் ஏறியதும் மிகைநேர வேலையை வெட்டினார்கள், சில இடங்களில் முன்பு தனியாகக் கொடுத்த அலவன்ஸை அடிப்படைச் சம்பளத்துக்குள் சேர்த்து எண்ணை மட்டும் காட்டினார்கள். சம்பளத்தை ஒரே பாய்ச்சலாக இரண்டு மடங்கு ஆக்கினால் வேலை போகும், விலையும் ஏறும், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேள்வி எப்போதும் எவ்வளவு, எவ்வளவு வேகத்தில், யாருக்கு எவ்வளவு தவணை என்பதுதான். ஏற்றவே கூடாது என்பது வேறு பேச்சு.

விலை உண்மையில் எப்போது கட்டவிழ்ந்து ஓடும்? இலங்கையைப் பாருங்கள். மலையகத்தில் தேயிலை பறிக்கிற நம் தமிழர்கள் நாளுக்கு 1,000 ரூபாய் சம்பளம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2021 மார்ச்சில்தான் அது கிடைத்தது. அடுத்த ஆண்டு அந்த நாடே திவாலானது. 2019 கடைசியில் வரிகளை வெட்டினார்கள், வருமானம் போனது. பற்றாக்குறைக்கு மத்திய வங்கி பணம் அச்சடித்தது. 2021இல் ரசாயன உரத்துக்குத் திடீரென்று தடை போட்டு விளைச்சலைக் கெடுத்தார்கள். கையில் டாலர் இல்லாமல், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 விழுக்காடு. அவ்வளவு பாடுபட்டு வாங்கிய 1,000 ரூபாயால் ஓராண்டுக்கு முன் 589 ரூபாய்க்கு வாங்கக் கூடியதைத்தான் வாங்க முடிந்தது. அந்த விலையேற்றத்துக்குத் தேயிலைக் கொழுந்து பறித்த அக்காவின் சம்பளமா காரணம்? மேலே இருந்தவர்கள் போட்ட தப்புக் கணக்குக்கு அவர் தன் கூடையில் இருந்து வட்டி கட்டினார்.

அடுத்து வளர்ச்சி. 2022இல் மலேசியப் பொருளாதாரம் 8.7 விழுக்காடு வளர்ந்ததாக அறிவித்தார்கள். கோவிட்டில் விழுந்ததில் இருந்து எழுந்த வளர்ச்சி அது, ஆனாலும் பெரிய எண். நாட்டில் உண்டான மொத்த வருமானத்தில் தொழிலாளர்களுக்குச் சம்பளமாகப் போனது எவ்வளவு என்று புள்ளிவிவரத் துறை கணக்கெடுக்கிறது. 2022இல் 100 வெள்ளிக்கு ஏறத்தாழ 32 வெள்ளி. அதற்கு முந்திய ஆண்டைவிடக் குறைவு. 2023இல் 33. இதை 45 ஆக உயர்த்த வேண்டும் என்பது அரசாங்கமே மடானி பொருளாதாரத் திட்டத்தில் வைத்திருக்கிற இலக்கு. ஆக, கேக் பெரிதாகியும் நம் துண்டு அதே வேகத்தில் பெரிதாகவில்லை. 2022 கணக்குப்படி ஒரு குடும்பத்துக்கான வறுமைக் கோடு 2,589 வெள்ளி. 1,700 சம்பாதிக்கிற ஒருவரே வீட்டைத் தாங்கினால், சட்டப்படி முழுச் சம்பளம் வாங்கியும் அந்தக் குடும்பம் கோட்டுக்குக் கீழேதான்.

மீதி 67 வெள்ளி எங்கே போகிறது? பெரும்பகுதி கம்பெனி லாபமாகவும், சொந்தத் தொழில் செய்கிறவர்களின் வருமானமாகவும், கொஞ்சம் வரியாகவும் போகிறது. நம் பேராக்கில் ஒருவருக்கு இது அறுபது ஆண்டுகளுக்கு முன்பே புரிந்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன். வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். வாங்கியவர்கள் தொழிலாளர்களை வெளியே தள்ளினார்கள். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி போடச் சொல்லிக் கேட்டார். அன்றைய கூலிக்கு 10 வெள்ளி சின்னக் காசு இல்லை. அந்தக் காசில்தான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பால் வெட்டுகிறவனே தோட்டத்தில் பங்குதாரன். ரப்பர் விலை ஏறினால் துரைக்கு மட்டும் லாபம் என்ற நிலை அங்கே மாறியது.

இன்று நமக்கு அப்படி ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. அதுதான் ஊழியர் சேமநிதி. உங்கள் பணத்தை வாரியம் கம்பெனிப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போடுகிறது. 2024க்கு 6.3 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. பணவீக்கம் 1.8. அந்த ஆண்டு உங்கள் சேமிப்பின் வாங்கும் சக்தி ஏறத்தாழ 4.5 விழுக்காடு வளர்ந்தது. ஆனால் கோவிட் காலத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் 145 பில்லியன் வெள்ளியை எடுத்துவிட்டார்கள். பசிக்கு எடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. எடுத்து மோட்டாருக்கு ரிம் மாற்றிய தம்பிகளையும் எனக்குத் தெரியும், பேர் சொல்ல மாட்டேன்.

"இ.பி.எஃப். வெட்டாம கையில கொடுக்கிறேன், வேலைக்கு வா" என்று சொல்கிற முதலாளியிடம் போகிறவர்கள் நம் வகுப்பிலேயே இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். 1,700 சம்பளத்துக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. அது கையில் வருவதைப் பார்த்து மகிழ்கிறீர்கள். முதலாளி போட வேண்டிய 221 வெள்ளி போவதைப் பார்ப்பதில்லை. மாதா மாதம் 221 வெள்ளி சம்பள வெட்டுக்கு நீங்களே கையெழுத்துப் போடுகிறீர்கள்.

மேனேஜருக்கு என்ன பதில் சொல்வது என்று அந்தத் தம்பி திரும்பவும் கேட்டார். சண்டை போட வேண்டாம் என்றேன். அவர் கடையில் எந்தெந்தச் சாமான் எப்போது ஏறியது என்று விலைச் சீட்டு மாற்றுகிறவரே இந்தத் தம்பிதான். சம்பளம் ஏறியது பிப்ரவரியில். அதற்கு முன்பு எத்தனை சீட்டு மாற்றினார், பின்பு எத்தனை மாற்றினார் என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது எல்லாரும் இரண்டு தாள் கொண்டு வாருங்கள். ஒன்று உங்களுடைய அல்லது வீட்டில் ஒருவருடைய சம்பளச் சீட்டு, பெயரை மறைத்துவிட்டுக் கொண்டு வந்தால் போதும். இன்னொன்று இந்த மாத மளிகைக்கடை ரசீது. பழைய ரசீது, பழைய கொப்பிக் கணக்கு அம்மாவிடம் இருந்தால் அதையும் கேட்டு வாங்கி வாருங்கள். 2013 கொப்பி யாரிடமாவது கிடைத்தால் அன்றைக்குப் பசியாறல் என் செலவு.